சென்னைல புதுசா வீடு பிடிச்சிருக்கீங்களா? மழை வேலையை வெயில்லயே முடிச்சிடுங்க

ஏப்ரல், மே மாசம்தான் இந்த ஊர்ல வீடு தேடுற சீசன். ஸ்கூல் லீவு, ஆபீஸ் டிரான்ஸ்ஃபர் எல்லாம் அப்பதான் வரும். அந்த வெயில்ல அலைஞ்சிட்டு ஒரு கிரவுண்ட் ஃப்ளோர் வீட்டுக்குள்ள நுழைஞ்சா சொர்க்கம் மாதிரி இருக்கும், மாடி வீடு மாதிரி சூடு இறங்காது, வாசல்ல வேப்பமரம், வண்டி நிறுத்த இடம், வாடகையும் பக்கத்து தெருவை விட ரெண்டாயிரம் கம்மி. அந்த ரெண்டாயிரம் ஏன் கம்மின்னு யாரும் கேக்கறதில்ல. நானும் கேக்கல. 2015 மே மாசம் மடிப்பாக்கத்துல அப்படித்தான் ஒரு வீட்டுக்கு அட்வான்ஸ் குடுத்தேன், அதே வருஷம் டிசம்பர் ஒண்ணாம் தேதி ராத்திரி பதில் வீட்டுக்குள்ளயே வந்துடுச்சு.

வெளியூர்ல இருந்து வர்றவங்களுக்கு முதல்ல ஒண்ணு புரியணும். சென்னைக்கு வருஷத்துக்கு கிட்டத்தட்ட 140 சென்டிமீட்டர் மழை, அதுல பாதிக்கு மேல அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூணே மாசத்துல கொட்டிடும். மீதி ஒன்பது மாசம் ஊரு நம்மளை தாலாட்டி தூங்க வச்சிடும். அதுலயும் வருஷா வருஷம் ஒரே மாதிரி இல்ல. 2015ல வெள்ளம், 2016ல வர்தா புயல் மரத்தை எல்லாம் சாய்ச்சுது, 2019ல ஏரி வறண்டு ஜோலார்பேட்டைல இருந்து ரயில்ல தண்ணி வந்துச்சு, 2023ல மிக்ஜாம் புயல். நடுவுல வர்ற நல்ல வருஷங்கள்ல எல்லாரும் மறந்துடுவோம். இன்னொரு விஷயம், ஜூன் மாசம் பிளம்பருக்கு போன் அடிச்சா அன்னிக்கே வருவார், பேரம் கூட பேசலாம். நவம்பர்ல அவர் போனை எடுக்கவே மாட்டார், எடுத்தாலும் அவர் வீட்லயே முழங்கால் தண்ணி இருக்கும். அதனால கீழ இருக்கறதை எல்லாம் செப்டம்பர் முடியறதுக்குள்ள செஞ்சிடுங்க.

ஸ்டெப் 1: அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி இஸ்திரி வண்டிக்காரரை பாருங்க

ஹவுஸ் ஓனர்கிட்ட "மழைக்கு தண்ணி நிக்குமா"ன்னு கேட்டா "சேச்சே, நம்ம தெருவுல எல்லாம் நிக்காது"ன்னுதான் சொல்லுவார், புரோக்கர் அதுக்கும் மேல. தெரு முனைல இஸ்திரி போடறவர், மளிகைக் கடை அண்ணாச்சி, பால் போடறவர், இவங்ககிட்ட கேளுங்க. "தண்ணி நிக்குமா"ன்னு பொதுவா கேக்காதீங்க, "2015ல எது வரைக்கும் வந்துச்சு, 2023ல எது வரைக்கும் வந்துச்சு"ன்னு வருஷம் சொல்லி கேளுங்க. உடனே கையை வச்சு காட்டுவாங்க, முட்டி, இடுப்பு, இல்ல "அந்த மீட்டர் பாக்ஸ் முழுகிடுச்சு சார்"னு. எங்க தெரு இஸ்திரிக்காரர் தன் வண்டிலயே ரெண்டு கோடு போட்டு வச்சிருக்கார். ஓனர் வருஷா வருஷம் சுவத்துக்கு பெயின்ட் அடிச்சு அந்த கோட்டை மறைச்சிடலாம், காலி மனையோட காம்பவுண்டு சுவத்துல அது அப்படியே பழுப்பா நிக்கும், அதையும் பாருங்க.

ஊர் பேரும் தெருப் பேரும் கூட நிறைய சொல்லும். ஏரி, தாங்கல், குளம், மடுவுன்னு பேர்ல வந்தா அங்க ஒரு காலத்துல தண்ணி இருந்துச்சு, தண்ணி தன் பழைய வீட்டை மறக்காது. முகப்பேர்ல ஏரி ஸ்கீம்னே ஒரு ஏரியா இருக்கு. தி.நகர் மாம்பலம் ஏரியை வத்த வச்சு 1920கள்ல எழுந்த ஊரு, வள்ளுவர் கோட்டம் நிக்கறது நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடம். அப்படி பார்த்தா இந்த ஊர்ல பாதி இடத்துல குடியிருக்கவே முடியாது, அதனால வேணாம்னு சொல்ல வரல, தெரிஞ்சு போங்கன்னு சொல்றேன். வேளச்சேரி, மடிப்பாக்கம், பெரும்பாக்கம் பக்கம் வர்றவங்களுக்கு எக்ஸ்ட்ரா ஒண்ணு: இங்க பெய்யற தண்ணி எல்லாம் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு போய், ஒக்கியம் மடுவு வழியா பக்கிங்காம் கால்வாய்ல விழுந்து, கோவளம் பக்கம் கடலுக்கு போகணும். அந்த வழி குறுகிக் கிடக்கு, கடல்ல அலை ஏத்தமா இருந்தா தண்ணியை உள்ள வாங்காது. அதான் மழை நின்னு வெயில் அடிச்சாலும் எங்க தெருவுல தண்ணி ரெண்டு நாள் அசையாம நிக்கறது.

ஸ்டெப் 2: தண்ணி வாசல் வழியா வரும்னு நினைச்சுக்காதீங்க

இதுதான் புதுசா வர்றவங்க யாருக்குமே தெரியாதது, எனக்கும் தெரியாது. 2015 டிசம்பர் ஒண்ணாம் தேதி ராத்திரி நானும் பக்கத்து வீட்டு தம்பியும் வாசப்படில மணல் மூட்டை அடுக்கிட்டு, மூட்டைக்கு நடுவுல பழைய துணி எல்லாம் சொருகிட்டு, அப்பாடான்னு உள்ள வந்து உக்காந்தோம். பாத்ரூம்ல இருந்து குளுக், குளுக்னு ஒரு சத்தம். போய் பார்த்தா தரைல இருக்கற ஜாலி வழியா கருப்பா தண்ணி ஊத்து மாதிரி பொங்கிட்டு இருக்கு, கூடவே கரப்பான் பூச்சி கூட்டமா மேல ஏறுது. தெருவுல சாக்கடை நிரம்பினதும் அது ரிவர்ஸ்ல நம்ம வீட்டு குழாய்க்குள்ள வருது. நாங்க வாசல்ல போட்ட மூட்டை, உள்ள வந்த தண்ணியை வெளிய போக விடாம அணை கட்டி நின்னுச்சு.

இதுக்கு வழி, வீட்ல இருந்து சாக்கடைக்கு போற லைன்ல 'நான்-ரிட்டர்ன்' வால்வு போடறது. தண்ணி வெளிய மட்டும் போகும், திரும்பி வராது. வாடகை வீடுன்னா ஓனர்கிட்ட பேசி பாதிப் பாதின்னு முடிச்சுக்கோங்க, அவருக்கும் டைல்ஸ் மிச்சம். அது முடியலன்னா தடி பிளாஸ்டிக் கவர்ல மணல் கட்டி, பாத்ரூம் ஜாலிக்கு ஒண்ணு, வாஷிங் மெஷின் ஜாலிக்கு ஒண்ணு, இந்தியன் டாய்லெட்டுக்கு பெருசா ஒண்ணுன்னு முன்னாடியே தயார் பண்ணி வைங்க. மணல் மூட்டையும் கோடைலயே கட்டிடுங்க, ரெட் அலர்ட் அன்னிக்கு மணலும் கிடைக்காது சாக்கும் கிடைக்காது.

சம்ப், அதாவது தரைக்கு அடில இருக்கற தண்ணித் தொட்டி, அதோட மூடியையும் ஒரு தடவை பாருங்க. பெரும்பாலான வீட்ல அது தரையோட தரையா இருக்கும், தெருத் தண்ணி உள்ள போனா குடிக்க, குளிக்க இருக்கற தண்ணி மொத்தமும் போச்சு. மேஸ்திரியை வச்சு சுத்தி ரெண்டு செங்கல் உசரத்துக்கு கட்டி விட்டா போதும், ஒரு நாள் வேலை.

ஸ்டெப் 3: மொட்டை மாடி

ஒரு கிரவுண்டு, அதாவது 2400 சதுர அடி மாடில 20 சென்டிமீட்டர் மழை பெஞ்சா நாப்பத்தி நாலாயிரம் லிட்டர் தண்ணி விழும், 12,000 லிட்டர் லாரில கிட்டத்தட்ட நாலு லாரி. அது எல்லாம் இறங்கிப் போக இருக்கறது ரெண்டோ மூணோ குழாய் ஓட்டை, அதை வேப்ப இலை, உடைஞ்ச பந்து, பொங்கல் காப்பு கட்டின கயிறு எல்லாம் அடைச்சுக்கிட்டு இருக்கும். செப்டம்பர்ல ஒரு ஞாயித்துக்கிழமை ஏறி சுத்தம் பண்ணி, ஒரு பக்கெட் தண்ணி ஊத்தி எந்த வேகத்துல போகுதுன்னு பாருங்க. மழைநீர் சேகரிப்பு தொட்டி 2003ல இருந்து கட்டாயம், ஆனா நிறைய வீட்ல அந்த ஜல்லி ஒரு தடவை கூட வெளிய எடுத்து கழுவினதே கிடையாது. அதையும் பாத்துடுங்க, 2019 மாதிரி ஒரு கோடை வந்தா இதே தண்ணிதான் போர்வெல்ல ஏறி நிக்கும்.

ஸ்டெப் 4: கரன்ட்டும் கேஸும்

இன்வெர்ட்டர் பேட்டரியை தரைல வைக்காதீங்க, கல் மேலயோ ஸ்டாண்ட் மேலயோ ஏத்துங்க. இன்னொரு முக்கியமான விஷயம், மெயினை ஆஃப் பண்ணிட்டா கரன்ட் போயிடுச்சுன்னு நினைச்சு தண்ணில காலை வைக்காதீங்க, இன்வெர்ட்டர் தனியா சப்ளை குடுத்துட்டே இருக்கும். மெயின், இன்வெர்ட்டர் ரெண்டையும் எங்க ஆஃப் பண்ணணும்னு வீட்ல இருக்கற எல்லாருக்கும், பத்து வயசு பையனுக்கும் சேர்த்து, இப்பவே காட்டி வைங்க. எலக்ட்ரீஷியன் வர்றப்போ கீழ இருக்கற பிளக் பாயின்ட் எல்லாம் தனி பிரேக்கர்ல இருக்கான்னு கேளுங்க, இருந்தா அதை மட்டும் அணைச்சுட்டு மேல ஃபேன் லைட்டை ஓட்டிக்கலாம். ஆனா தண்ணி உள்ள வந்துட்டா எல்லாமே ஆஃப்தான், அதுல யோசனையே வேணாம்.

கேஸ் சிலிண்டர் தண்ணில மிதக்கும், நிறைய பேருக்கு இது தெரியாது. ரெகுலேட்டரை கழட்டி, வெள்ளை மூடியை போட்டு, ஜன்னல் கம்பியோட சேர்த்து கயிறு கட்டிடுங்க. அந்த மூடியை தூக்கிப் போட்டுடாதீங்க, பத்திரமா வைங்க.

அபார்ட்மென்ட்ல இருக்கறவங்க செகரட்டரிகிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கோங்க, மழை அன்னிக்கு லிஃப்டை மேல் மாடில நிறுத்தி ஆஃப் பண்றது யார் பொறுப்புன்னு. யாரும் பொறுப்பு இல்லன்னா லிஃப்ட் கீழ குளிச்சிட்டு இருக்கும், அப்புறம் மூணு மாசம் படிக்கட்டுதான்.

ஸ்டெப் 5: பேப்பர்

பொருள் போனா வாங்கிக்கலாம். என் மனைவியோட சர்டிபிகேட் எல்லாம் பீரோ கீழ்த் தட்டுல ஒரு ஃபைல்ல இருந்துச்சு, பத்தாவதுல இருந்து பி.எட் வரைக்கும். தண்ணி வடிஞ்சப்புறம் எடுத்தா மொத்தமும் ஒரே அட்டையா ஒட்டியிருந்துச்சு. கரன்ட் வந்ததும் ஃபேனுக்கு கீழ நியூஸ் பேப்பரை விரிச்சு, ஒவ்வொண்ணா தோசை திருப்பற மாதிரி பிரிச்சு பிரிச்சு காய வச்சோம். அச்சடிச்சது எல்லாம் தப்பிச்சுது, பேனால எழுதின மார்க், கையெழுத்து, சீல் எல்லாம் ஊதாக் கறையா போயிடுச்சு. டூப்ளிகேட் வாங்க அவ அலைஞ்ச அலைச்சல் தனிக் கதை, இப்ப வேணாம்.

அதனால: எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி மெயில்ல ஒரு காப்பி, வெளியூர்ல இருக்கற தம்பி தங்கச்சி யார்கிட்டயாவது பென் டிரைவ்ல ஒரு காப்பி. ஆதார், லைசென்ஸ், ஆர்.சி., பல போர்டுகளோட மார்க் ஷீட் எல்லாம் டிஜிலாக்கர்ல வந்துடும், அது சட்டப்படி ஒரிஜினலுக்கு சமம்தான். ஒரிஜினலை ஜிப் கவர்ல போட்டு, அந்த கவரை இன்னொரு கவர்ல போட்டு பரண்ல வைங்க, பீரோல வேணாம். வீட்டுப் பத்திரம், நகை பேங்க் லாக்கர்ல வைக்கறதா இருந்தா அந்த லாக்கர் ரூம் எந்த மாடில இருக்குன்னு ஒரு தடவை பாத்துக்கோங்க, பேஸ்மென்ட்ல இருந்தா நம்ம பரணே தேவலை.

ஸ்டெப் 6: வண்டியும் இன்சூரன்ஸும்

தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் வச்சிருந்தா வெள்ளத்துல வண்டி போனதுக்கு ஒரு பைசா வராது. நம்ம வண்டிக்கு ஆகற சேதத்துக்கும் சேர்த்து குடுக்கற காம்ப்ரிஹென்சிவ் வேணும், அதோட என்ஜின் புரொடெக்ட் ஆட்-ஆன் வேணும், இத பெரும்பாலும் ரினீவல் சமயத்துலதான் சேர்க்க முடியும், அதனால உங்க ரினீவல் எந்த மாசம்னு இப்பவே பாருங்க. தண்ணில நின்ன காரை தயவு செஞ்சு ஸ்டார்ட் பண்ணிப் பாக்காதீங்க, என்ஜினுக்குள்ள தண்ணி இழுத்துட்டா அதோட சரி, ஆட்-ஆன் இல்லன்னா கம்பெனிக்காரங்களும் அதையே காரணம் காட்டி கையை விரிப்பாங்க. கயிறு கட்டி இழுத்துட்டுப் போங்க.

எங்க கொண்டு போய் நிறுத்தறதுன்னும் யோசிச்சு வைங்க. 2024 அக்டோபர்ல ரெட் அலர்ட் வந்தப்போ வேளச்சேரி மேம்பாலத்துல ரெண்டு பக்கமும் கார் வரிசை கட்டி நின்னுச்சு, ஊரே சிரிச்சுது. 2023ல காரை மிதக்க விட்டவங்க யாரும் சிரிக்கல. மேட்டுப் பகுதில ஒரு ஃப்ரெண்டு வீடு இருந்தா ரெண்டு நாள் அங்க விடறேன்னு இப்பவே கேட்டு வச்சுக்கோங்க.

வாடகைக்கு இருக்கறவங்களும் வீட்டு சாமானுக்கு மட்டும் தனியா இன்சூரன்ஸ் எடுக்கலாம், அதுல வெள்ளம் புயல் கவர் ஆகுதான்னு படிச்சுப் பாத்து எடுங்க. எடுத்த அன்னிக்கே வீட்டை சுத்தி ஒரு வீடியோ எடுத்து, ஃப்ரிட்ஜ், டிவி, வாஷிங் மெஷின் பில்லையும் போட்டோ எடுத்து வைங்க.

ஸ்டெப் 7: ஒரு பை, ஒரு டப்பா

பையில ரெண்டு நாள் துணி, மருந்து, பவர் பேங்க், டார்ச், சில்லறை நோட்டா கொஞ்சம் பணம். பணம் ஏன்னா டவர் போயிட்டா ஜி.பே கிடையாது, ஏ.டி.எம்.ல ஷட்டர். வர்தா வந்தது 2016 டிசம்பர் 12, பழைய ஐநூறு ஆயிரம் செல்லாதுன்னு அறிவிச்சு ஒரு மாசம்தான் ஆயிருந்துச்சு, கையில நூறு ரூபா நோட்டு வச்சிருந்தவன்தான் அன்னிக்கு ராஜா. மிக்ஜாம் அப்போ எங்க பக்கம் நாலு நாள் கரன்ட்டும் இல்ல சிக்னலும் இல்ல, பால் பாக்கெட் ரெட்டை விலைக்கு மேல போச்சு. அதனால டப்பால பால் பவுடர், அவல், பொட்டுக்கடலை, பிஸ்கட், குழந்தை இருந்தா அதுக்கு வேண்டியது, குடிக்க ரெண்டு மூணு கேன் தண்ணி.

சுகர், பி.பி. மாத்திரை எப்பவும் பதினஞ்சு நாளைக்கு கையில இருக்கட்டும். இன்சுலின் போடறவங்க கரன்ட் போனா பதறாதீங்க, பழைய காலத்து வழிதான், மண் சட்டில தண்ணி ஊத்தி அதுக்குள்ள நல்லா மூடின டப்பால வைக்கலாம், திறக்காத இன்சுலின் எவ்ளோ நாள் தாங்கும்னு டாக்டர்கிட்ட இப்பவே கேட்டுக்கோங்க. டயாலிசிஸ் போறவங்க, நவம்பர் டிசம்பர்ல பிரசவ தேதி இருக்கறவங்க கடைசி நாள் வரைக்கும் தாழ்வான ஏரியால இருக்காதீங்க, தீபாவளி முடிஞ்சதும் அம்மா வீட்டுக்கோ ஆஸ்பத்திரி பக்கமோ போயிடுங்க.

ஸ்டெப் 8: செய்தியை படிக்கத் தெரிஞ்சுக்கோங்க

வாட்ஸ்அப்ல வர்ற வாய்ஸ் நோட்டை நம்பி பயப்படவும் வேணாம், நம்பி தூங்கவும் வேணாம். வானிலை மையம் சொல்ற கணக்கு சிம்பிள். ஒரு நாள்ல 7ல இருந்து 11 சென்டிமீட்டர் பெஞ்சா கனமழை, 12ல இருந்து 20 மிக கனமழை, அதுக்கு மேல அதி கனமழை. அலர்ட் மஞ்சள்னா கவனமா இரு, ஆரஞ்சுன்னா தயாரா இரு, சிவப்புன்னா இறங்கி வேலையை பாரு.

செம்பரம்பாக்கம் ஏரி திறந்தாச்சுன்னு கேட்டாலே வயித்தை கலக்கும். திறக்கறது பிரச்சனை இல்ல, எவ்ளோன்னு பாருங்க. ஏரியோட முழு உயரம் 24 அடி, மழைக்காலத்துல ஒண்ணு ரெண்டு அடி முன்னாடியே நிறுத்தி நூறு, ஐநூறு கன அடின்னு விட்டா அது நல்ல சமாச்சாரம். ஒரு கன அடின்னா செகண்டுக்கு 28 லிட்டர். 2015ல விட்டது 29,000 கன அடி, அதோட வழில இருக்கற மத்த ஏரித் தண்ணியும் அடையாறுல சேர்ந்துச்சு. இதுவும் அடையாறு கரைல இருக்கறவங்களுக்குத்தான், வியாசர்பாடில இருக்கறவர் செம்பரம்பாக்கத்தை பாத்துட்டு உக்காந்தா வேலைக்கு ஆகாது. உங்க தெருத் தண்ணி எந்த ஆத்துக்கு போகுதுன்னு தெரிஞ்சுக்கிட்டு அதை கவனிங்க.

நம்பர்: சென்னை மாநகராட்சி 1913, மாநில கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டத்துக்கு 1077, கரன்ட்டுக்கு மின்னகம் 94987 94987. தாம்பரம், ஆவடி எல்லாம் இப்ப தனி மாநகராட்சி, அங்க இருக்கறவங்க 1913க்கு அடிச்சிட்டு உக்காந்திருக்காதீங்க, உங்க ஆபீஸ் நம்பரை எடுத்து வைங்க. போன்ல மட்டும் இல்ல, பேப்பர்ல எழுதி கதவுக்குப் பின்னாடி ஒட்டுங்க.

ஸ்டெப் 9: எப்ப கிளம்பணும்னு இப்பவே முடிவு பண்ணுங்க

மழை அன்னிக்கு முடிவெடுக்க முடியாது, "இன்னும் ஒரு மணி நேரம் பாக்கலாம்"னேதான் தோணும். 2015ல நாங்க அப்படித்தான் பாத்துட்டே இருந்தோம், கிளம்பறப்போ இடுப்பளவு, குழந்தை தோள்ல. மாடி வீட்டுப் பாட்டி மட்டும் முந்தின நாள் சாயங்காலமே ஒரு சூட்கேஸோட மகள் வீட்டுக்கு கிளம்பினாங்க. "ஏம்ப்பா, நீயும் புள்ளையை தூக்கிட்டு வந்துடு, ஆட்டோல இடம் இருக்கு"ன்னாங்க. "பரவால்ல பாட்டி, நிக்காதுன்னு ஓனர் சொல்லியிருக்கார்"னு பதில் சொன்ன ஆளு நான்.

இப்ப எங்க கேட் தூண்ல செவப்பு பெயின்ட்ல ஒரு கோடு இருக்கு. தண்ணி அதை தொட்டா மெயினை ஆஃப் பண்ணு, பையை எடு, கிளம்பு, பேச்சே கிடையாது. ராத்திரியா இருக்கப் போகுதுன்னு தெரிஞ்சா அதுக்கும் முன்னாடி, வெளிச்சம் இருக்கறப்பவே. நடந்து போறப்போ ரோட்டு நடுவுல போங்க, கையில கம்பு, முன்னாடி குத்திப் பாத்து காலை வைங்க, மேன்ஹோல் மூடி எங்க திறந்திருக்குன்னு தெரியாது. தண்ணில நடந்தவங்களுக்கு அடுத்த ஒண்ணு ரெண்டு வாரத்துல காய்ச்சல் வந்தா எலிக்காய்ச்சலா இருக்கலாம், தண்ணில நடந்தேன்னு டாக்டர்கிட்ட சொல்லுங்க, சாதாரண காய்ச்சல்னு பாராசிட்டமால் போட்டு இழுக்காதீங்க. திரும்பி வந்ததும் ஷூ, செருப்பு ஸ்டாண்ட், வாஷிங் மெஷின் பின்னாடி எல்லாம் பாத்துட்டு கையை விடுங்க, சதுப்பு நிலம் பக்கம்னா பாம்பு நிச்சயம் ஒரு விசிட் அடிச்சிருக்கும். சம்ப்பை இறைச்சு, தேய்ச்சு, பிளீச்சிங் பவுடர் போடாம அந்த தண்ணில வாய் கூட கொப்பளிக்காதீங்க.

அந்த பையை ஒரு தடவை கட்டிட்டு அப்படியே விட்டுடாதீங்க, வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு வீடு சுத்தம் பண்றப்போ அதையும் கீழ இறக்கிடுங்க. போன வருஷம் எங்க பையை திறந்தா மாத்திரை எல்லாம் தேதி முடிஞ்சு கிடந்துச்சு, பையனோட டீ-ஷர்ட் அவனுக்கு தொப்புள் வரைக்கும்தான் வந்துச்சு, டார்ச்சுக்குள்ள பேட்டரி கசிஞ்சு பச்சையா பூத்திருந்துச்சு. பேட்டரியை கழட்டி தனி கவர்ல போட்டு வைங்க.